தென்வானத்து முகிலும் அதன் நியோனும்

மாரி ஓய்ந்து காலபோக நெல் கதிர்முற்றும் தை மாதத்திலே, கனகராயன்குளத்தில் ஏ-9 வீதியின் விளக்குகளை விட்டு விலகிக் குளக்கட்டில் நின்று, நிலவில்லா இரவு ஒன்பது மணியளவில் தெற்கே நோக்குபவருக்கு, அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே சற்று வலப்புறமாக, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 11 பாகை உயரத்தில், வானம் தெளிந்திருக்குமாயின் மங்கிய வெண்திட்டொன்று தென்படும். அது மழைமுகிலன்று, சுமார் 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள, நமது பால்வீதிக்கு அயலான பெரிய மகெல்லன் முகில் என்னும் விண்மீன் மண்டலம். இலண்டன் மாநகரத்தார் தம் முற்றத்திலிருந்து ஒருநாளும் காணவியலாத இக்காட்சி வன்னிக்கு வாய்த்திருப்பதை நம்மவர் பலர் அறியார்.

அம்முகிலில் எந்த மூலகம் எவ்வளவு உண்டென்பதை எவ்வாறு அளப்பது? ஒளிரும் வாயுமண்டலங்களின் நிறமாலைக் கோடுகளே சாட்சி. ஆயினும் கட்புலனாகும் ஒளியில் ஒட்சிசன் முதலியவற்றின் கோடுகள் வாயுவின் உஷ்ணத்துக்கேற்பப் பன்மடங்கு ஏறி இறங்குவன. அடுப்பின் சூடறியாமல் ஆவியை மட்டும் பார்த்து உலைநீரை அளப்பது எத்துணை அபாயமோ அத்துணை அபாயம் இதிலும் உண்டு. போதாததற்கு, இடைநின்ற தூசி அவ்வொளியை விழுங்கிவிடும்.

செந்நிறக்கீழ்க் கதிர்களில் இவ்விரு இடர்களும் பெரிதும் தணிகின்றன. அங்குள்ள கோடுகள் மிகச் சிறு சக்தி வேறுபாட்டினின்று எழுவதால் உஷ்ண பேதம் அவற்றை அதிகம் பாதிப்பதில்லை. தூசியையும் அவை ஊடுருவி வருகின்றன. நியோனின் இருவகை அயன்கள் 12.8, 15.6 மைக்கிரோமீற்றர் அலைநீளங்களில் ஒளிர, ஐதரசன் கோடொன்று 12.4-இல் அவற்றின் அருகே நிற்பதனால், ஒப்பிட்டுக் கணக்கிடுதல் எளிதாகிறது. கந்தகமும் இவ்வாறே அளக்கப்படுவதுண்டு. ஆனால் கந்தகம் தூசியினுள் ஒளிந்துகொள்ளும். எதனோடும் கூடாத சடவாயுவாகிய நியோனோ ஒளியாது. என் அபிப்பிராயத்தில் நம்பத்தக்க சாட்சி அதுவே.

இக்கதிர்களிற் பெரும்பகுதியை நமது வளிமண்டலத்து நீராவி தடுத்துவிடுகிறது. சூடான தொலைநோக்கியும் தானே இக்கதிர்களை வீசும். ஆகையால் 2003-இல் விண்ணேறிய ஸ்பிற்சர் தொலைநோக்கி திரவ ஈலியத்தால் ஏறத்தாழ −268 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்டது. அவ்வீலியம் 2009-இல் தீர்ந்தபோது அதன் நிறமாலை அளவீடுகளும் நின்றன. 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் இப்போது அப்பணியைத் தொடர்கிறது.

பலவகை அளவீடுகளாலும் பெறப்பட்ட முடிபு இதுதான்: கன மூலகங்கள் பெரிய மகெல்லன் முகிலில் சூரியனில் உள்ளதன் ஏறத்தாழப் பாதி, அதன் இளவலாகிய சிறிய முகிலில் ஐந்திலொரு பங்கு.