நாலு நிமிடம் எங்கே இருக்கிறது?

கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்து சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவருக்கு சேலையூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக அலுவலகம் சுமார் 16 கிலோமீட்டர். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சைக்கிள் மிதித்தால் 48 நிமிடம். தினமும் மிதிக்கிறவருக்குச் சீக்கிரமே ஓர் ஆசை வந்துவிடும்: இதை இன்னும் குறைக்க முடியாதா? கைப்பேசிச் செயலியும் நேற்றைய நேரத்தை இன்றைய நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. அப்புறம் ஒவ்வொரு காலையும் பந்தயம்தான்.

ஆசை நல்லது. அதற்குக் கால்களை மட்டுமே நம்புவதுதான் சிக்கல். வேகத்தை 20-லிருந்து 22 ஆக்கினால் 48 நிமிடம் ஏறக்குறைய 44 ஆகும்; மிச்சம் நாலு நிமிடம். ஆனால் சமதளச் சாலையில் நம் உழைப்பில் பெரும்பங்கைத் தின்பது காற்று. அதைப் பிளந்துகொண்டு போகத் தேவையான சக்தி, வேகத்தின் கன விகிதத்தில் ஏறும். பத்து சதவீத வேகம் கூட்டினால், காற்றுக்குக் கொடுக்கும் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த அந்த நாலு நிமிடமும், மூன்று சிக்னலில் ஒன்றரை நிமிடம் வீதம் நின்றால் போயே போய்விடும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நோரெப்ரோ சாலையில் இதை நகராட்சியே கவனித்துச் சரிசெய்தது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதிப்பவருக்கு அடுத்தடுத்த சிக்னல்களில் பச்சை விளக்கே கிடைக்கும்படி நேரம் வைத்திருக்கிறார்கள். காலையில் ஊருக்குள் வருபவர்களுக்கு, மாலையில் வீடு திரும்புபவர்களுக்கு. அங்கே வேகம் கூட்டினால் அடுத்த சிக்னலில் நிற்க வேண்டியதுதான். நம் ஊருக்கும் அது வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை நம் கையில் இருப்பது புறப்படும் நேரம். பள்ளி வேன்கள் சாலையை நிறைப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்பிப் பாருங்கள். எந்தப் பயிற்சியும் அவ்வளவு சீக்கிரம் அந்தப் பலனைத் தராது.

காற்றின் திசையையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் சென்னையில் காலைக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழையும். தாம்பரத்திலிருந்து கடலோரம் போய்த் திரும்புகிறவருக்குப் பல நாட்களில் இரண்டு வேளையும் காற்று முதுகில்தான். எதிர்த்திசையில் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வேளையும் எதிர்காற்று. அவர் தன் நேரத்தை இவருடையதோடு ஒப்பிட்டு மனம் வாடுவதில் நியாயமே இல்லை.

அடுத்தது வண்டி. டியூபில் காற்று தானாகவே மெல்ல இறங்கும்; வாரம் ஒருமுறை அடித்தே ஆகவேண்டும். எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே போட்டிருப்பார்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். சீட் உயரம்தான் அதிகம் பேர் கவனிக்காதது. பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி வரும். மிதிக்கும் சக்தியும் வீணாகும்.

இதெல்லாம் முடிந்தபிறகு கால்களுக்கு வரலாம். அலுவலகம் போகிறவர் வாரத்துக்குப் பத்து முறை மிதிக்கிறார். பத்தையும் மூச்சுவாங்க மிதிப்பதுதான் ஆபத்து. நார்வேயில் பணியாற்றும் உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், நெடுந்தூர விளையாட்டுகளின் முன்னணி வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தவர். அவர்களின் பயிற்சி வேளைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் மிக எளிதான வேகத்தில்தான் நடக்கிறது என்று அவர் காட்டினார். மீதியில்தான் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். பத்துப் பயணத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டால் வேகப் பயணம் இரண்டு. செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அன்றும் முழுத் தூரத்தையும் விரட்ட வேண்டாம். குறுக்குத் தெருக்கள் குறைந்த இடத்தில் மூன்று நிமிட விரட்டல், மூன்று நிமிட ஆசுவாசம் என நாலு முறை போதும். மற்ற எட்டுப் பயணங்களில், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். அதைத் தாண்டினால் கியரைக் குறைத்துவிடுங்கள்.

உடல் சைக்கிளை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை நீண்ட அலுவலக அழைப்பு, ஒரு டம்ளர் காபியோடு கிளம்பிய வெறும் வயிறு, கத்திரி வெயில் எல்லாமே அதே கணக்கில் ஏறுகின்றன. வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். மே மாதத்தில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அப்போது பழைய நேரத்தைத் துரத்தவே கூடாது. போய்ச் சேர்ந்ததும் நாலு இட்லியாவது உள்ளே போகட்டும். மாலையில் கால் கனக்கிறது என்பவர்களில் பலருக்குக் குறை சாப்பாட்டில்தான்.

ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2013-ல் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. சில நாள் ஓய்வில் தெளிந்து முன்னைவிடத் தெம்பு தரும் களைப்பு வேறு, வாரக்கணக்கில் இழுக்கும் களைப்பு வேறு, மாதக்கணக்கில் ஆளையே முடக்கும் நிலை வேறு என்று அது பிரிக்கிறது. அலுவலகம் போகிறவர் மூன்றாவது நிலைக்குப் போவது அரிது. இரண்டாவதில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதே உழைப்புக்கு நேரம் கூடுவது, அசதி இருந்தும் தூக்கம் வராதது, காரணமில்லாமல் எரிச்சல், அடிக்கடி சளி, காலையில் எழுமுன் எண்ணும் நாடித்துடிப்பு தொடர்ந்து சில நாள் வழக்கத்தைவிட உயர்ந்திருப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ஒரு வாரம் மாநகரப் பேருந்தில் போங்கள். மறுவாரம் மெதுவாக மட்டும் மிதியுங்கள். ஒரு வாரத்தில் உடல்தகுதி கரைந்துவிடாது.

அப்படியும் களைப்பு நீங்கவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சி மிகுதி என்று உறுதிசெய்யும் ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. ரத்தசோகை, தைராய்டு, உள்ளே தங்கிய தொற்று என ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் அந்த முடிவுக்கே வருவார்கள். நம் ஊரில், குறிப்பாகப் பெண்களுக்கு, ஹீமோகுளோபின் அளவை முதலில் பார்த்துவிடுவது நல்லது.