சீட்டு வாங்காத கச்சேரி

சுவாமிமலை நேயர்களே, கபிஸ்தலம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் திருவையாறு. புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெரும்பாலும் ஜனவரியில், அங்கே தியாகராஜர் ஆராதனை. கேட்க டிக்கெட் கிடையாது. பாடுவோருக்குச் சன்மானமும் கிடையாது. பேர்பெற்ற வித்வான்களும் மாணவர்களும் காவிரிக்கரைப் பந்தலில் தரையில் அமர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ராகங்களில் அமைந்த அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். ஒருகாலத்தில் அங்கே பெண்கள் பாட இடமில்லை. தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவரோ பெங்களூர் நாகரத்தினம்மாள் என்கிற பெண்! பஞ்சரத்தினத்தில் முதலில் வரும் நாட்டை ராகம் நமக்கும் சொந்தம்தான். முத்துசுவாமி தீட்சிதர் நம் சுவாமிநாதன்மேல் செய்த 'சுவாமிநாத பரிபாலய' அதே ராகம். பஞ்சரத்தினம் காலையிலேயே தொடங்கிவிடும். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்த் துண்டைப் போட்டு வையுங்கள்.