கண்ணுக்குத் தெரியாத மழை

உங்கள் உள்ளங்கையைச் சற்று விரித்துப் பாருங்கள். பார்த்துக் கொண்டிருக்கும்போதே, ஏறக்குறைய விநாடிக்கு ஒன்றாக, நுண்ணிய துகள்கள் அதை ஊடுருவிச் செல்கின்றன. வலியில்லை, தழும்பில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகள்கள் இவை.

1912ஆம் ஆண்டு ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறிச் சென்று கதிர்வீச்சை அளந்தார். தரையில் இருந்ததைவிட அங்கே அது மிகுந்திருந்தது! சூரிய கிரகணத்தின்போதும் பறந்து பார்த்தார். அப்போதும் குறையவில்லை. எனவே, அது சூரியனிலிருந்து வருவதன்று என்று முடிவு செய்தார். 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் அனுப்புவது யார்? பெரிய நட்சத்திரங்கள் எரிபொருள் தீர்ந்ததும் வெடித்துச் சிதறுகின்றன. இதுவே சூப்பர்நோவா. அதிலிருந்துதான் வருகின்றன என்று 1934இல் வால்டர் பாடே, ஃபிரிட்ஸ் ஸ்விக்கி ஆகிய இருவர் கருத்துரைத்தனர்.

வெடித்த வாயு விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதன் முன்னே ஓர் அதிர்ச்சி அலை எழுகிறது. அங்குள்ள காந்தப் புலங்களுக்கு இடையே புரோட்டான்கள் பந்துபோல் அலையின் இருபுறமும் மாறி மாறித் தள்ளப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிது வேகம் கூடும். முடிவில் ஒளியின் வேகத்தையே நெருங்கிவிடும்.

இதை மெய்ப்பிப்பதுதான் கடினம். ஆற்று வெள்ளத்தில் வந்த தென்னை மட்டை எந்த மரத்தில் விழுந்தது என்று சொல்ல முடியுமா? அதுபோல, மின்னேற்றம் கொண்ட துகள்களைக் காந்தப் புலங்கள் வழியெல்லாம் திசைதிருப்பி விடுகின்றன.

ஆனால், ஒரு சாட்சி உண்டு. வேகமான புரோட்டான் வாயுவில் மோதினால் பையோன் என்னும் துகள் பிறக்கிறது. அது நொடிப்பொழுதில் உடைந்து காமாக் கதிர்களாகிறது. காமாக் கதிருக்கு மின்னேற்றமில்லை, நேர்வழியில் வரும். காற்று மண்டலம் அதைத் தடுத்துவிடுவதால், 2008இல் ஃபெர்மி என்னும் தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பினர். மிதுன மண்டலத்தில் ஒன்றும், திருவோண நட்சத்திரம் உள்ள கழுகு மண்டலத்தில் ஒன்றுமாக, இரண்டு சூப்பர்நோவா எச்சங்களில் பையோனின் அடையாளத்தை அது கண்டது. 2013இல் அச்செய்தி வெளியானது.

மிக அதிக ஆற்றல் கொண்ட துகள்கள் எங்கே பிறக்கின்றன என்பது இன்னும் முழுமையாகத் தெளியவில்லை. ஹெஸ் எழுப்பிய கேள்விக்கு இந்த விடை கிடைக்கவே நூறாண்டு ஆயிற்று. ஆகவே பெற்றோர்களே, வானத்தைக் காட்டி உங்கள் பிள்ளை ஏதேனும் கேட்டால், "பேசாமல் படு" என்று அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வியை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.