ஆதிச்சநல்லூர் ஏடுகள்

பொதிகையிற் பிறந்து, மணிமுத்தாறு முதலிய ஆறுகளைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு கடலை நாடும் தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, ஆதிச்சநல்லூர்ப் பறம்பு இருக்கிறது. 114 ஏக்கர் பரப்புள்ள அந்த மேட்டில் நம் முன்னோர் தாழிகளில் உறங்குகிறார்கள். அவர்களைத் தேடி வந்தவர்கள் எதை எடுத்தார்கள், எதை எழுதி வைத்தார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

1876-ல் பெர்லின் நகரத்து டாக்டர் ஜாகோர் இங்கே தோண்டினார். ஐம்பதுக்கு மேற்பட்ட வகை மட்பாண்டங்களும், இரும்புக் கத்தி கோடரிகளும், ஏராளமான மண்டையோடுகளும் எலும்புகளும் அவருடன் ஜெர்மனிக்குக் கப்பலேறின. பின்னர் 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, பொன் நெற்றிப் பட்டங்களையும் வெண்கல, இரும்புப் பொருள்களையும் கண்டெடுத்தார். பொருள் பொருளாக அட்டவணையும் எழுதினார். 1915-ல் சென்னை மியூசியம் அதனைப் பிரசுரித்தது. அவர் அன்னிய சர்க்காரின் உத்தியோகஸ்தர் என்பதற்காக இந்த உபகாரத்தை மறைப்பது நேர்மையாகாது.

சுதந்திர தேசத்தில் நடந்ததோ வேறு. 2004-05-ல் மத்திய தொல்லியல் துறை இங்கே தோண்டி, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்த 2019-ல்தான், கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலக் கணிப்புகள் ஜனங்களின் செவிக்கு எட்டின. முழு அறிக்கை அப்போதும் அச்சேறவில்லை. நம் வரலாற்றை நாமே அறிவதற்கு வழக்காட வேண்டியிருந்தது!

தாமதம் சிறு குற்றமன்று. கிடந்த இடமும் ஆழமும் அருகிருந்தவையும் எழுதப்படாத பொருள் ஊமைச் சாட்சி; எந்த நியாயஸ்தலத்திலும் அது பேசாது. பொன் களவு போனால் வேறு பொன் தேடலாம். ஒரு முறை கலைத்த தாழியை மறுமுறை தோண்ட முடியாது. அதன் பின் எஞ்சுவது ஏடு ஒன்றே.

2020-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஆதிச்சநல்லூர் சிறப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் தோண்டும் வேலை மீண்டும் தொடங்கிற்று. நல்லதே. ஆயினும் கட்டிடமும் கண்ணாடிப் பெட்டியும் போதா. ரீயின் அட்டவணையும் பிற்கால அறிக்கைகளும் தெளிந்த தமிழில் அச்சாகி, தாமிரபரணிக் கரையின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் செல்லவேண்டும். இனி ஒவ்வொரு அகழ்வுக்கும் அறிக்கை வெளியிடக் கெடு விதிக்கவேண்டும். இது சர்க்காரிடம் யாசகமன்று, மக்களின் உரிமை. அதைக் கேட்டுப் பெறுவது தமிழர் கடமை.