கள்ளியை அடையாளம் கண்ட பூச்சி!

தருமபுரி மாவட்டத்தில் கல்லும் கரடும் அதிகம். காட்டோரங்களிலும் வேலிகளிலும் கள்ளிச் செடிகளைக் காணலாம்.

எல்லாவற்றையும் "கள்ளி" என்றே சொல்கிறோம். ஆனால், அவை எல்லாம் ஒரே குடும்பம் அல்ல!

பால் வருகிறதா?

திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவற்றைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். இவை ஆமணக்கின் குடும்பம்.

இந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம். பட்டுவிட்டால், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

சப்பாத்திக்கள்ளியில் பால் வராது. கொழகொழப்பான நீர்தான் வரும். முட்கள், சிறு பஞ்சுத் திட்டுகளிலிருந்து கிளம்பும். இதுதான் "காக்டஸ்" குடும்பம். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம்.

அது எப்படி நம் நாட்டில் பரவியது? அதில் சிவப்புச் சாயத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சாயப் பூச்சி

மெக்சிகோவில், சப்பாத்திக்கள்ளியின் மீது கொச்சினீல் என்ற சிறு பூச்சி வாழ்கிறது. அதைக் காயவைத்துப் பொடித்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டுக்குச் சுமார் 70 ஆயிரம் பூச்சிகள் வேண்டும்! அந்த வியாபாரத்தை ஸ்பெயின் நாடு தன் கையிலேயே வைத்திருந்தது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786-ல் அவர் சென்னையில் ஒரு பூச்சியைக் கண்டார். "இதுதான் கொச்சினீல்" என்று நம்பி, லண்டனில் இருந்த தாவர அறிஞர் ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதினார். அது வேறு பூச்சி!

ஆண்டர்சன் விடவில்லை. கொச்சினீலுக்கு உணவான "நோபால்" கள்ளியை, லண்டன் கியூ தோட்டத்தில் இருந்து வரவழைத்தார். அது அநேகமாக முள் இல்லாதது. சிவந்த பூ பூப்பது. இங்கிலாந்தில் பனிக்குப் பயந்து கண்ணாடி வீட்டுக்குள் வைக்கவேண்டிய செடி. சைதாப்பேட்டைத் தோட்டத்திலோ திறந்த வெளியில் வளர்ந்தது!

மீண்டும் ஏமாற்றம்

1795-ல் பிரேசில் நாட்டில் இருந்து பூச்சி வந்தது. இதுவும் நல்ல ஜாதி அல்ல. சாயம் மட்டமாக இருந்தது. கம்பெனியின் கனவு கலைந்தது.

ஆனால், அந்தப் பூச்சி வேறு வேலை செய்தது. காடுமேடெல்லாம் பரவியிருந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்று அழித்தது. எனவே, 1863 முதல் 1868 வரை அதைத் தென்னாட்டில் வேண்டுமென்றே பரப்பினார்கள்.

காலியான இடத்தில் இன்னொரு வகைக் கள்ளி புகுந்தது. கெட்டியான மடல், மஞ்சள் முட்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பூச்சி ஏமாறவில்லை. புதிய கள்ளியை அது தொடவே இல்லை!

மேய்ச்சல் நிலங்களும் வயல்களும் முள்காடாயின. 1926-ல் இலங்கை வழியாக வேறொரு கொச்சினீல் பூச்சி கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் அந்தக் கள்ளியும் ஒடுங்கியது.

வளர்ப்பது எப்படி?

முள் இல்லாத வகையாகப் பார்த்து, ஒரு மடலை வெட்டுங்கள். நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். வெட்டுவாய் ஆறியதும், மணல் கலந்த மண்ணில் கால் பாகம் புதையும்படி நடுங்கள்.

மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றவேண்டும். அடிப்பாகம் மஞ்சளாகிக் குழைந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

உறைபனி பட்டால் நோபால் அழுகிவிடும். தருமபுரிச் சமவெளியில் அந்தப் பயம் இல்லை. ஊட்டி போன்ற ஊர்களில் குளிர்காலத்து இரவில் வீட்டுக்குள் வைக்கவேண்டும்.

வெட்டிய துண்டுகளைக் கண்ட இடத்தில் எறியாதீர்கள். ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுப் புதிய செடியாகும். முள்காடு உண்டானதே அப்படித்தான்!

மடலில் பஞ்சுபோல் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால், ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். ரத்தம்போல் சிவந்தால், அதுதான் கொச்சினீல் பூச்சி!