இரும்புப் பாதைகள் – 9: இறக்கத்தைக் கட்டிப்போட்டவர்கள்

ஊட்டி ரயில் என்றதும் எல்லோரும் கேட்பது, அது எப்படி மலை ஏறுகிறது என்பதைத்தான். ஆனால் இப்படிப்பட்ட பாதையைப் போடுகிற பொறியாளருக்குத் தூக்கத்தைக் கெடுப்பது ஏற்றமல்ல, இறக்கம். ஏற முடியாத எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிடும். இறங்கும்போது பிடி நழுவினால் எதுவும் நிறுத்தாது.

சென்ற வாரம் பார்த்த போர் காட் பாதையில், செங்குத்தான இடத்திலும் 37 அடிக்கு ஓரடிதான் ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பிக் கல்லாறு தாண்டினால் பன்னிரண்டரை அடிக்கே ஓரடி! சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வை மட்டும் நம்பி அங்கே ரயில் விட முடியாது. அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மலையில்.

மலைக்கு ரயில் வேண்டும் என்ற யோசனை 1854-லேயே எழுந்துவிட்டது, பணம்தான் எழவில்லை. 1891-ல் வேலையைத் தொடங்கிய கம்பெனி மூன்றே ஆண்டில் கடையை மூட, அடுத்து வந்த கம்பெனி 1899-ல் குன்னூர் வரை ரயிலைக் கொண்டுசேர்த்தது. ஊட்டியைத் தொட்டது 1908-ல். கம்பெனிக் கதை இவ்வளவு போதும். அதைவிடச் சுவையானது, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே கிடக்கும் பல்பட்டை.

சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் 1882-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. ஒரு பட்டை இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம். எஞ்சினுக்கு அடியில் சுழலும் பல்சக்கரங்கள் இந்த இரண்டையும் கவ்வுகின்றன. நாம் நடக்கும்போது ஒரு கால் எழும்புமுன் மறுகால் ஊன்றிவிடுவதுபோல, ஒரு பல் விடுமுன் அடுத்தது பிடித்துக்கொள்ளும். பட்டை தொடங்கும் இடத்தில் ரயில் ஏறக்குறைய நடைவேகத்துக்கு வந்துவிடும். அங்கே பட்டையின் நுனித் துண்டை வில்சுருளின் மேல் பொருத்தியிருப்பார்கள். பல்லோடு பல் சரியாகப் பொருந்தாமல் மோதினாலும் நுனி அமுங்கிக்கொடுத்து வழிவிடும்.

இந்தப் பாதையில் 1914 முதல் ஓடத் தொடங்கிய ‘எக்ஸ்’ வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. நான்கு சிலிண்டர், இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரங்களுக்கு. முதல் ஜோடியில் வேலை செய்து களைத்த நீராவியை வீணாக்காமல் இரண்டாம் ஜோடிக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்றவைக்கிறார்கள். சிக்கனம் என்றால் இது சிக்கனம்.

இறங்கும்போது அதே சிலிண்டர்களே பிரேக் ஆகிவிடுகின்றன. டிரைவர் நீராவியை நிறுத்திவிடுவார். பிஸ்டன் வெளிக்காற்றை இழுத்து அழுத்தும். அந்தக் காற்று வெளியேறும் வழியை டிரைவர் குறுக்கக் குறுக்க வேகம் தணியும். சிலிண்டர் கொதித்துவிடாமல் இருக்கத் தண்ணீரும் பீய்ச்ச வேண்டும். நிக்கலஸ் ரிக்கன்பாக் என்பவரின் யோசனை இது. இதோடு வேக்குவம் பிரேக், சக்கரத்துக்கு ஒரு கைப்பிரேக், பல்சக்கரத்துக்கு இன்னொரு கைப்பிரேக். மிகை என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு முன்யோசனையும் உண்டு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னால் நின்று தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் சாயும். இதில் ஒரு சங்கடம்: ஏறும்போது டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. அதனால்தான் பெட்டிக்குப் பெட்டி முன்மேடையில் ஒரு பிரேக்ஸ்மேன். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். பின்னால் இருப்பவர்கள் அதைக் கைமாற்றி டிரைவர் கண்ணுக்குக் கொண்டுசேர்ப்பார்கள். விசில் கேட்டால் அவரவர் பெட்டியின் கைப்பிரேக்கைச் சுற்றுவார்கள். சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் படங்களில் தேயிலைத் தோட்டம் இருக்கும், இவர்கள் இருக்கமாட்டார்கள்.

குன்னூரோடு பல்பட்டை முடிகிறது. அதற்கு மேல் சரிவு தணிவதால், இன்று டீசல் எஞ்சினே ஊட்டி வரை இழுத்துப் போய்விடுகிறது. கீழ்ப்பகுதிக்கு மட்டும் நீராவியை விட்டால் வழியில்லை. சுவிஸ் எஞ்சின்கள் தேய்ந்தபோது புதியவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே கட்டினார்கள். நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும் உலையோடு, நூறாண்டு பழைய வடிவமைப்பை மறுபடி வார்த்தெடுத்த அந்தத் தொழிலாளர்களைப் பற்றி அடுத்த வாரம்.