நரம்பு சுருட்டலுக்கு லேசர்... பயப்படணுமா?

“நரம்பை லேசர் வெச்சு எரிச்சுடுவாங்களாமே! அப்புறம் கால் விளங்காமப் போயிட்டா?”

டாக்டர் சொல்லி ஆறு மாசமாகியும், இந்தப் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார் ஒரு பள்ளி ஆசிரியை. குழப்பத்துக்குக் காரணம், நாம் வைத்திருக்கும் பெயர்தான். ‘நரம்பு சுருட்டல்’ என்கிறோமே தவிர, வெரிகோஸ் வெயின்ஸில் புடைத்திருப்பது நரம்பே அல்ல, ரத்தக்குழாய்! காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரை. அதிலுள்ள வால்வுகள் பழுதானால் ரத்தம் கீழ்நோக்கி வழிந்து தேங்குகிறது. குழாய் வீங்கிச் சுருள்கிறது.

சரி, அதை மூடிவிட்டால் ரத்தம் எப்படித் திரும்பும்? காலின் ரத்தத்தில் சுமார் 90 சதவிகிதம், சதைக்குள் ஆழமாக ஓடும் சிரைகள் வழியாகத்தான் மேலே போகிறது. அவை அடைப்பில்லாமல் இருந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் முதலில் டாப்ளர் ஸ்கேன். ஸ்கேன் பார்க்காமலே, ‘லேசர் பண்ணிடலாம்’ என்று யாராவது சொன்னால், பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசித் துளை வழியாக மெல்லிய லேசர் இழையைச் செலுத்தி, குழாயின் உள்சுவரைச் சூடாக்கி மூடுகிறார்கள். அதற்கு முன், மரத்துப்போகும் மருந்து கலந்த சலைனைக் குழாயைச் சுற்றிலும் ஏற்றுவார்கள். வலிக்காமல் இருக்க மட்டுமல்ல... சூடு தோலைச் சுடாமல் காப்பதும் இந்தத் தண்ணீர்தான்.

முழங்காலுக்குக் கீழே, உள்பக்கப் பெரிய சிரையை ஒட்டி நிஜமாகவே ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் சூடு பட்டால் அந்த இடம் மரத்துப்போகலாம். பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும். அது தொடு உணர்ச்சிக்கான நரம்பு, நடையை இயக்குவது அல்ல.

தோல் கன்றிப்போவதும், தொடையில் கயிறு கட்டி இழுப்பது போன்ற இறுக்கமும் சில நாட்கள் சகஜம். அபூர்வமாக, ஆழச் சிரையில் ரத்தம் உறையலாம். அதைத் தவிர்க்கத்தான் அன்றைக்கே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முன்பு ரத்தம் உறைந்ததுண்டா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா... எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கர்ப்பிணிகள் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான ‘நைஸ்’, 2013-லேயே, வெட்டி எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் இப்படிச் சூட்டால் மூடும் முறையைத்தான் பரிசீலிக்கச் சொல்லிவிட்டது.

அந்த ஆசிரியைக்குக் கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, அரிக்கவும் ஆரம்பித்திருக்கிறது. இதை இப்படியே விட்டால் அங்கே ஆறாத புண் வரலாம். அடுத்த வாரம் ஸ்கேனுக்குப் போகச் சம்மதித்திருக்கிறார்!